குதிரைக்காக அழலாமா?



ஆசிரியப் பணியில் சேர்ந்து இருபது ஆண்டுகளுக்கு மேலாகின்றன. இத்தனை ஆண்டுகளில் மாணவர்களிடம் நான் சொன்ன சொற்களுள், திரும்பப் பெற முடிந்தால் நன்றாயிருக்குமே என்று ஏங்க வைக்கும் சொற்கள் சில உண்டு. அவற்றுள் ஒன்றை இன்று ஒப்புக்கொள்ளப் போகிறேன்.

ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன். அமைதியானவன், கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். அவன் தொடர்ந்து மூன்று வாரங்கள் வீட்டுப்பாடம் செய்யாமல் வந்தான். வகுப்பில் உறங்கினான். ஒரு நாள் எழுப்பி நிறுத்திக் காரணம் கேட்டேன்.

"அப்பா பார்க்கும் குதிரைக்குக் காலில் நோய், டீச்சர். இரவில் அப்பா லாயத்திலேயே தங்கிவிடுகிறார். நானும் கூடப் போகிறேன்" என்றான்.

வகுப்பு சிரித்தது. "குதிரைக்குத்தானே நோய்? உனக்கில்லையே!" என்றேன். வகுப்பு இன்னும் பலமாகச் சிரித்தது. அவன் எதுவும் சொல்லவில்லை. தலையைக் குனிந்துகொண்டு அமர்ந்துவிட்டான். வேடிக்கையாகச் சொன்னதாகத்தான் அப்போது எண்ணினேன். அந்தச் சொல் எவ்வளவு கொடியது என்பது அவன் தந்தையைச் சந்தித்த பிறகே எனக்கு விளங்கிற்று.

தேர்ச்சி அறிக்கை வழங்கும் நாளில் அவர் பள்ளிக்கு வந்தார். குதிரையேற்றம் கற்பிக்கும் ஓரிடத்தில் குதிரைகளைப் பராமரிக்கும் பணி அவருக்கு. நம் நாட்டில் இவர்களைச் 'சைஸ்' என்று அழைப்பது வழக்கம். பந்தயத் திடல்களின் லாயங்களில் நம்மவர் பலர் தலைமுறை தலைமுறையாகச் செய்துவந்த தொழில் இது. அவர் பார்த்துவரும் குதிரை முன்பு பந்தயங்களில் ஓடியது. ஓய்வு பெற்ற பின் சிறு பிள்ளைகளை முதுகில் சுமந்து நடை பழக்கியது. எட்டு மாதங்களாக அதன் முன்னங்கால் குளம்புகள் இரண்டிலும் நோய்.

"அது என் குதிரை இல்லை, டீச்சர். முதலாளியுடையது. ஆனால் பதினொரு வருடமாக அதற்குத் தீனி வைப்பவன் நான். காலையில் என் மோட்டார் சத்தம் கேட்டாலே கனைக்கும். இப்போதும் கனைக்கிறது. ஆனால் வாசலுக்கு நடந்து வருவதில்லை. வீட்டில் சொன்னால் வேறு வேலை பார் என்கிறார்கள். வெளியில் சொன்னால் சிரிக்கிறார்கள். யாரிடம் சொல்வது?"

சிரித்தவர்களுள் அவர் மகனின் ஆசிரியையும் ஒருத்தி என்பது அவருக்குத் தெரிந்திருந்ததா என்பதை நானறியேன். அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. அந்த உறக்கமின்மையின் விளைவே இக்கட்டுரை.

நெடுநாள் நோயுற்ற குதிரையைப் பார்த்துக்கொள்பவரின் துயரம் மெய்யான துயரம். அது கேலிக்குரியதும் அன்று, மறைக்க வேண்டியதும் அன்று. அத்துயரத்தைக் கவனிக்காமல் விட்டுவிட்டுக் குதிரைக்கு மட்டும் மருத்துவம் செய்வது பாதி மருத்துவமே. இதுவே என் கருத்து.

குதிரையின் நோய் ஏன் இத்தனை நீளமானது?

நாய்க்கோ பூனைக்கோ ஒரு கால் போனாலும் மூன்று கால்களில் அது வாழ்ந்துவிடும். குதிரைக்கு அந்த வாய்ப்பு மிக அரிது. ஏறத்தாழ 500 கிலோ எடையை நான்கு மெல்லிய கால்களில் தாங்கி நிற்கும் உயிர் அது. நின்றபடியே கண்ணயரும். நெடுநேரம் படுத்தே கிடந்தால் அதன் எடையே அதன் தசைகளை நசுக்கும், மூச்சும் சீர்கெடும். ஆகவே ஒரு கால் நோயுற்றால், மற்றக் கால்கள் கூடுதல் சுமையை ஏற்று, அவையும் கெடத் தொடங்கும்.

அந்தத் தந்தை சொன்ன நோய்க்கு ஆங்கில மருத்துவத்தில் 'லேமினைட்டிஸ்' என்று பெயர். தமிழில் குளம்பழற்சி எனலாம். குளம்பின் வெளிச்சுவரையும் அதனுள்ளே இருக்கும் எலும்பையும் பிணைத்து வைத்திருப்பவை மெல்லிய மடிப்புத் திசுக்கள். அவை வீங்கிப் பிடிப்பிழந்தால், குதிரையின் முழு எடையும் அழுத்த, எலும்பு தன் இடத்திலிருந்து விலகும், கீழிறங்கவும் கூடும். நம் விரல் நகம் சதையிலிருந்து பெயர்ந்த நிலையில், அந்த விரலின் மேலேயே உடலைத் தாங்கி நிற்பதாக எண்ணிப் பாருங்கள்! தானியத்தை அளவுக்கு மீறித் தின்பது, சர்க்கரைச் சத்து மிகுந்த புல், சுரப்பிக் கோளாறு, கடுமையான நோய்த்தொற்று, ஒரே காலில் ஓயாது சுமை விழுவது எனக் காரணங்கள் பல.

குளம்புச் சுவர் மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவாகவே வளரும். முன்பக்கச் சுவர் முழுவதும் புதிதாக வளர்ந்து முடிய ஏறத்தாழ ஓராண்டு ஆகும். அதுவரை தடித்த மரச்சீவல் படுக்கை, அளந்து வைக்கும் உலர்புல், வலிநிவாரணி, லாடம் கட்டுபவரின் நுணுக்கமான வேலை என்று ஒவ்வொரு நாளும் கவனிப்பு. இந்த வாரம் தேறும். அடுத்த வாரம் தரையில் சாயும். நம்பிக்கையும் அச்சமும் மாறி மாறி வந்து ஆளைத் தேய்த்துவிடும். உடனே நேரும் இறப்பு ஒருமுறை அழ வைக்கிறது. இந்நோயோ ஒவ்வொரு காலையும் லாயக் கதவைத் திறக்கும்போது ஒருமுறை அழ வைக்கிறது.

உலகமே பார்த்த எட்டு மாதங்கள்

இத்துயரத்தை உலகம் பெரிய அளவில் கண்ட நிகழ்வு ஒன்றுண்டு. அமெரிக்காவின் புகழ்பெற்ற கென்டக்கி டெர்பி பந்தயத்தை 2006 மே 6ஆம் நாள் வென்ற குதிரை பார்பாரோ. அதுவரை ஒரு பந்தயத்தில்கூடத் தோற்றதில்லை. அதே மாதம் 20ஆம் நாள் பால்டிமோர் நகரில் நடந்த பிரீக்னஸ் பந்தயத்தில், ஓடத் தொடங்கிய சற்று நேரத்திலேயே அதன் வலப் பின்னங்கால் எலும்பு இருபதுக்கும் மேற்பட்ட துண்டுகளாக முறிந்தது. குதிரையோட்டி எட்கர் பிராடோ அதை உடனே நிறுத்தி இறங்கினார்.

அவ்வாறு முறிந்த குதிரைகள் பெரும்பாலும் திடலிலேயே கருணைக்கொலை செய்யப்படும். பார்பாரோவின் உரிமையாளர்களான ராய் ஜாக்சன், கிரெட்சன் ஜாக்சன் இணையர் அதைக் காப்பாற்ற முனைந்தனர். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் நியூ போல்டன் கால்நடை மருத்துவமனையில், மறுநாள் டாக்டர் டீன் ரிச்சர்ட்சன் தலைமையில் ஐந்து மணி நேரத்துக்கும் மேலாக அறுவை நடந்தது. உலோகத் தகடு ஒன்றும் 27 திருகாணிகளும் பொருத்தப்பட்டன. பொதுமக்கள் ஆப்பிள்களையும் கேரட்டுகளையும் வாழ்த்து அட்டைகளையும் அனுப்பிய வண்ணம் இருந்தனர்.

முறிந்த கால் தேறிவந்தது. ஆனால் சூலையில், அதுவரை சுமை தாங்கிய இடப் பின்னங்காலில் குளம்பழற்சி வந்தது. குளம்புச் சுவரின் பெரும்பகுதியை மருத்துவர்கள் அகற்ற நேர்ந்தது. அதன்பின் பார்பாரோ மீண்டும் தேறியது. வெளியே சென்று புல் மேய்ந்தது. பலர் அது பிழைத்துவிட்டதாகவே எண்ணினர். 2007 சனவரியில் நிலைமை திரும்பியது. முன்னங்கால்களிலும் குளம்பழற்சி தோன்றியது. ஊன்றி நிற்க ஒரு நல்ல கால்கூட அதற்கு எஞ்சவில்லை. சனவரி 29ஆம் நாள் அதற்கு அமைதியான முடிவு அளிக்கப்பட்டது. செய்தியாளர்கள் முன் பேச வந்த டாக்டர் ரிச்சர்ட்சன் கண்கலங்கினார்.

இத்தனை பெரிய அறுவை வல்லுநர் ஒரு குதிரைக்காக எல்லார் முன்னிலையிலும் கலங்கியபோது, எவரும் அவரைத் தொழில் தெரியாதவர் என்று சொல்லவில்லை. எட்டு மாதம் அருகிருந்தவர் வேறு எப்படி இருப்பார்? அவருக்கு உலகம் கொடுத்த அந்த உரிமையை நம் ஊர் லாயத்தில் இரவெல்லாம் விழித்திருக்கும் ஒரு சைசுக்கு நாம் ஏன் கொடுப்பதில்லை?

ஒப்புக்கொள்ளப்படாத துயரம்

கென்னத் டோகா என்னும் அமெரிக்கப் பேராசிரியர் 1989இல் வெளிவந்த தம் நூலில் ஒருவகைத் துயரத்தை விளக்கினார். ஊரார் ஒப்புக்கொள்ளாத, வெளிப்படையாக அழ உரிமை தரப்படாத துயரம் அது. மனிதர் இறந்தால் துக்கம் கேட்க வருகிறார்கள், விடுப்புக் கிடைக்கிறது, சடங்குகள் உண்டு. விலங்கு நோயுற்றால் இவற்றுள் எதுவுமில்லை. ஆறுதல் கிடைக்காத துயரம் உள்ளேயே தங்கிப் புண்ணாகிறது.

2017இல் அமெரிக்காவின் கென்ட் மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர் மேரி பெத் ஸ்பிட்ஸ்நேகல் குழுவினர் வெளியிட்ட ஆய்வு ஒன்று, நெடுநாள் நோயுற்ற வளர்ப்பு விலங்குகளை வைத்திருப்போரை, நலமான விலங்குகளை வைத்திருப்போருடன் ஒப்பிட்டது. முன்னவர்களிடம் மன அழுத்தமும் பராமரிப்புச் சுமையும் கூடுதலாக இருந்தன; அவர்களின் வாழ்க்கை நிறைவும் குறைந்திருந்தது. நாய், பூனைகளை வளர்ப்போரிடம் காணப்பட்டது குதிரைகளைப் பார்த்துக்கொள்வோருக்குப் பொருந்தாமல் போகுமா?

இவை அயல்நாட்டார் சொல்லித்தான் நமக்குத் தெரிய வேண்டும் என்பதில்லை. திருக்குறளின் 'மருந்து' அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். அதன் இறுதிக் குறளில் வள்ளுவர் மருத்துவத்தை நான்கு கூறாகப் பிரிக்கிறார். நோயுற்றவர் ஒரு கூறு. மருத்துவர் ஒரு கூறு. மருந்து ஒரு கூறு. அருகிருந்து பார்த்துக்கொள்ளும் 'உழைச்செல்வான்' ஒரு கூறு. ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் நான் இதை மனனம் செய்து தேர்வும் எழுதியிருக்கிறேன். ஆனால் அந்த நான்காவது கூறு ஒரு நாள் என் வகுப்பறை வாசலில் கண் சிவந்து வந்து நிற்கும் என்று எண்ணிப் பார்த்ததில்லை. நான்கில் ஒன்று நொடிந்தால் மற்ற மூன்றும் எப்படி நிற்கும்?

மனிதர் துன்புறும்போது குதிரைக்கா?

இவ்வாறு கேட்போர் உண்டு. நோயுற்ற பெற்றோரைப் பார்க்க நேரமில்லாத காலத்தில் குதிரைக்காகக் கண்ணீரா என்பர். கேள்வியில் நியாயம் இல்லாமலில்லை. ஆயினும் அன்பு என்பது பங்கீட்டு அரிசி அன்று, ஒருவருக்கு அளந்தால் மற்றவருக்குக் குறைந்துபோவதற்கு! வாய் பேசாத உயிரின் வலியைக் கண் பார்த்து அறியப் பழகியவர், பேசத் தெரிந்த மனிதரின் வலியை மேலும் நன்றாகவே அறிவார்.

வேறொரு கேள்வி இன்னும் கூர்மையானது. குதிரையை ஓட வைத்துப் பணம் பார்ப்பவர்கள் நாம்தாமே. கால் முறிந்த பின் அழுவதில் என்ன பொருள்? இதற்கு எளிய விடையில்லை. பந்தயத்துக்காக விரைவையே நோக்கமாகக் கொண்டு வளர்க்கப்படும் விலங்கின் கால்களை நாம் ஆபத்துக்கு உட்படுத்துகிறோம் என்பது உண்மை. ஆனால் அதனாலேயே பொறுப்பு கூடுகிறதேயன்றிக் குறையவில்லை. உழைப்பை வாங்கிக்கொண்டு, நோயுற்ற நாளில் முகத்தைத் திருப்பிக்கொள்வதே அறம் பிறழ்ந்த செயல். அருகிருந்து வருந்துவது அந்தக் கடனில் ஒரு சிறு பகுதியையாவது திருப்பித் தருவதாகும்.

என் எளிய பரிந்துரைகள்

நான் மருத்துவரல்லேன். படித்தவற்றிலிருந்தும் அந்தத் தந்தையிடமிருந்தும் அறிந்துகொண்டவற்றைச் சொல்கிறேன்.

முதலாவது, நோயை முழுமையாக அறிந்துகொள்ளுங்கள். 'எப்போது குணமாகும்?' என்ற ஒரே கேள்வியை மருத்துவரிடம் நாள்தோறும் கேட்பதைவிட, 'இந்த மாதம் எதை எதிர்பார்க்கலாம்? எதைக் கண்டால் அஞ்ச வேண்டும்?' என்று கேட்பது பயன் தரும். குளம்பு வளர ஓராண்டு ஆகும் என்பதை அறிந்தவர், மூன்றாம் மாதத்தில் நம்பிக்கை இழந்து தம்மையே நொந்துகொள்ள மாட்டார்.

இரண்டாவது, நாள்தோறும் குறித்து வையுங்கள். வேட்டையாடப்படும் விலங்கினமாதலால் குதிரை தன் வலியை மறைக்கும். ஆயினும் விறைத்துப் பின்சாய்ந்த காது, கண்ணுக்கு மேலே இறுகிய தசை, இறுகிய வாய், விரிந்த மூக்குத் துளை ஆகியவை அதைக் காட்டிக்கொடுத்துவிடும். முகத்தை நோக்கிக் குதிரையின் வலியை மதிப்பிடும் அளவுகோல் ஒன்றை 2014இல் ஆய்வாளர்கள் வெளியிட்டனர். தின்றதா, படுத்ததா, எத்தனை அடி நடந்தது என்று எழுதி வைத்தால், மனம் சொல்லும் பொய்யை ஏடு திருத்தும். நேற்றைய ஒரு மோசமான இரவு முழு மாதத்தையும் இருட்டாகக் காட்டாது. ஒரு நல்ல காலைப்பொழுது கண்ணை மறைக்கவும் செய்யாது.

மூன்றாவது, எல்லையை முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்கக் குதிரை மருத்துவர் சங்கத்தின் வழிகாட்டுதல், தீராத நோயால் ஓயாத, கட்டுப்படுத்த முடியாத வலியைக் குதிரை அனுபவிக்கக் கூடாது என்கிறது. வலி தாங்குவதற்காகவே வாழ்நாள் முழுவதும் தனிக் கொட்டிலில் அடைபட்டுக் கிடப்பதும் கூடாது என்கிறது. இந்த எல்லையை மனம் தெளிவாக இருக்கும் நாளில் மருத்துவருடன் பேசி வகுத்துவிட்டால், கலங்கிய இரவில் தனியாக முடிவெடுக்க வேண்டியதில்லை. அந்த எல்லை வந்து விடைகொடுக்க நேர்ந்தால், அதைத் துரோகம் என்று எண்ணாதீர்கள். பணம் போதாமையால் சிகிச்சையைத் தொடர முடியாமல் போனாலும் அதைக் குற்றமென்று சுமக்காதீர்கள். வலியில் விட்டுவைக்காமல் இருந்ததே பேரன்பு.

நான்காவது, சுமையைப் பகிர்ந்துகொள்ளுங்கள். ஒருவரே எல்லா இரவும் விழித்தால் குதிரைக்கும் நன்மையில்லை. முறை வைத்துப் பாருங்கள். உணவையும் உறக்கத்தையும் விடாதீர்கள். பல வாரங்கள் கடந்தும் உறக்கமின்றி எதிலும் பற்றின்றித் தவித்தால் மனநல ஆலோசகரை நாடத் தயங்க வேண்டா. உரிமையாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள். முடிவு உங்களுடையதாக இருக்கலாம். ஆனால் முடிவெடுக்குமுன் தீனி வைத்தவரையும் அழைத்துக் கேளுங்கள். இறுதி நேரத்தில் அருகில் நிற்க விரும்புகிறாரா என்றும் கேளுங்கள். வேலையாளுக்கு மறுநாள் வெறுங்கொட்டிலைக் கூட்டச் சொல்லும் கட்டளை மட்டும் போய்ச் சேரக் கூடாது.

ஐந்தாவது, பிள்ளைகளிடம் உண்மையைச் சொல்லுங்கள். 'வேறு ஊருக்கு அனுப்பிவிட்டோம்' என்றால் பிள்ளை காத்திருக்கும். 'தூங்க வைத்துவிட்டார்கள்' என்றால் சிறு பிள்ளை உறங்கவே அஞ்சும். 'குதிரைக்குத் தீராத நோய். வலி குறைய முயல்கிறோம். முடியாமலும் போகலாம்' என்று எளிய சொற்களில் சொன்னால் பிள்ளைகள் தாங்கிக்கொள்வார்கள். நாம் நினைப்பதைவிட அவர்கள் உறுதியானவர்கள்.

அந்த மாணவன்

மறுவாரம் வகுப்பு முழுவதும் கேட்க அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். சிரித்த பிள்ளைகள் திகைத்துப் பார்த்தனர். ஆசிரியர் மன்னிப்புக் கேட்பதை அவர்கள் அதுவரை கண்டதில்லை போலும்! பிறகு அவனுக்குப் புதிய பயிற்சி ஏடு ஒன்றைக் கொடுத்தேன். "நீ லாயத்துக்குப் போ. ஆனால் ஒன்பது மணிக்கு வீடு திரும்பிவிடு. ஒவ்வொரு நாளும் குதிரையைப் பற்றி இரண்டு வரி எழுது. அதுவே உனக்கு வீட்டுப்பாடம்" என்றேன்.

அந்த ஏட்டை அவன் தந்தை கால்நடை மருத்துவரிடம் காட்டுகிறாராம். மருத்துவர் அதைப் படித்துச் சொல்லச் சொல்லிக் கேட்டுத் தலையசைத்தாராம். இதை எழுதும் இன்றும் அந்தக் குதிரை உயிருடன் இருக்கிறது. தேறுமா என்று யாராலும் உறுதி சொல்ல முடியவில்லை. சில நாள் நிற்கிறது. சில நாள் படுத்தே கிடக்கிறது. எது நேர்ந்தாலும் அதைத் தாங்கும் வலிமையை அந்த வீட்டில் இருவர் சிறிது சிறிதாகச் சேர்த்து வருகிறார்கள் என்றே நம்புகிறேன்.

திங்கட்கிழமைதோறும் அந்த ஏட்டை நான் திருத்துகிறேன். ஒற்றுப்பிழைகள் இருக்கும்; சிவப்பு மையைக் கொஞ்சமாகத்தான் பயன்படுத்துகிறேன். சென்ற வாரம் ஒரு பக்கத்தில் அவன் எழுதியிருந்த இரண்டு வரிகள் இவை:

"இன்று குதிரை ஆறு அடி நடந்தது. அப்பா இரவு சாப்பிட்டார்."